அயற்பணியில் வந்த பூச்சிகள்

தண்ணீரில் இறங்கி உதைப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் திருச்சி மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கவர்மென்ட் ஆபீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழை, வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவேன். என் மாமனார் இன்னமும் நான் ஏதோ கருவூலத்தில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது?

அலுவலகத்தின் பெயர் நீர்ச் சிற்றுயிர் கண்காணிப்பு வட்டம். தென்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பப்ஸ் வாசனை மேலே வரும். அதற்கப்புறம் யாரும் கோப்பைத் திறப்பதில்லை. வேலை என்னவென்றால், ஆறு, வாய்க்கால், ஓடைகளின் அடியில் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே குடியிருக்கிற சின்னச் சின்னப் பூச்சி புழுக்களை எடுத்துப் பார்ப்பது. எது இருக்கிறது என்பதை வைத்தே தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடலாம். ஒருநாள் பூச்சி என்று ஒன்று உண்டு. அதன் குஞ்சு நல்ல தண்ணீரில்தான் பிழைக்கும். மீன் தொட்டிக்காரர்கள் வாங்கிப் போடுகிற சிவப்புப் புழுவோ சாக்கடையிலும் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும். இந்த முறையில் ஒரு குறையும் இல்லை, நல்ல மூளைக்காரர்கள் யாரோ கண்டுபிடித்தது. அதைச் செய்ய என்னைப் பிடித்துப் போட்டதுதான் கோளாறு.

நான் படித்தது பி.காம். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி பட்டறையை இழுத்து மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். அப்போது இந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் இணை இயக்குநர் அழகிரி சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீச்சல் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். ரொம்ப நல்லது, ஆழத்துக்குப் போக மாட்டீர்கள், அரசுக்கு நஷ்ட ஈடு மிச்சம் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். தற்காலிகக் களப் பார்வையாளர் என்று ஒரு பதவி. வட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. அந்தக் கோப்பு சாருடைய மேஜைமேலேயே இருக்கும். என்னிடம் பேசும்போதெல்லாம் அதன்மேல் விரலால் தட்டிக்கொண்டேதான் பேசுவார்.

எங்கள் வட்டம் முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கானது. இதை வைத்து நீங்கள் சொல்ல நினைக்கிற நகைச்சுவையை என் மனைவி சுபலட்சுமி நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

முதல் களப்பணி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில். முழங்கால் தண்ணீரில் நிற்க வேண்டும். வலையை முன்னால் பிடித்துக்கொண்டு, குதிகாலால் அடிமண்ணைக் கிளறி உதைத்தபடியே, தண்ணீருக்கு எதிராகப் பின்பக்கமாக நடக்க வேண்டும். கலைகிற பூச்சிகள் மிதந்து வந்து வலையில் விழும். நாள் கிழமை பார்த்து இறங்குகிற புத்தி எனக்கு இல்லை. அன்று அமாவாசை. படித்துறை முழுக்கத் தர்ப்பணம் நடந்துகொண்டிருக்க, நடுவில் நான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் பின்னால் உதைத்துக்கொண்டே போனேன். கரையில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி மாமி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது எந்த தோஷத்துக்கு என்று விசாரித்தார். அரசாங்கத்தில் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று உண்மையைச் சொன்னேன்.

"அரசாங்கமே பண்ணச் சொல்லியிருக்குன்னா பலன் இல்லாமலா இருக்கும்? பெருமாள் கிருபை, அடியேன் கண்ணுல பட்டது" என்று மாமி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்திலேயே உதைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த அமாவாசைக்கு நான் போனபோது ஒரு வரிசையே பின்பக்கமாக உதைத்துக்கொண்டு வந்தது. படிக்கட்டில் ஒருவர் பூக்கூடைக்குப் பக்கத்தில் சின்ன வலைகள் விற்றுக்கொண்டிருந்தார். என் வலையில் அன்று கிடைத்தவை எள், தர்ப்பை, யாருடையதோ ஒரு மெட்டி. 'பொதுமக்கள் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று அழகிரி சார் அறிக்கை அனுப்பி, மேலிடத்திலிருந்து பாராட்டும் வாங்கிவிட்டார். பூச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எடுத்த பூச்சியை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு வந்தது பச்சைத் தட்டு. அந்த வருடம் கொள்முதலில் எல்லாத் துறைக்கும் பச்சைதான் என்று முடிவாகியிருந்ததாம். வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்த வெள்ளைப் பீங்கான் பேசினை எடுத்துக்கொண்டு போனேன். அதில் இனிமேல் மாவு கரைக்க மாட்டேன் என்று சுபா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது புத்தூரில், என் வீட்டுக் கொல்லையில் இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கிளை வாய்க்கால் ஓடுகிறது. பெரிய நீரோட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அது ஓடினால்தான் எங்கள் கிணறுகளில் ஊற்று. வாய்க்காலுக்கு மேற்கே புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் கழிவுக் குழாயை நேராக அதில் இறக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாற ஆரம்பித்தது. குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு. எதிர்வீட்டுச் சவரிராயன் வீட்டில் பேத்திக்கு உடம்பு முழுக்கச் சிரங்கு. சுபா தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, குழாயைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பச் சொல்லி மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். கடைசியில் மாநகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தில் ஒரு பதில் சொன்னார்கள். வாய்க்கால் கெட்டுவிட்டது என்று நீர்ச் சிற்றுயிர் கண்காணிப்பு வட்டத்திலிருந்து எழுதி வாங்கி வந்தால் உடனே திருப்பிவிடுகிறோம் என்றார்கள்.

சுபா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததே ஒரு தினுசாக இருந்தது. எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்தானாம். நம்ம நல்ல நேரம் பாருங்க."

எங்கள் வீட்டில் என் உத்தியோகத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே சாயங்காலம் அது. நானும் அந்த மிதப்பில், நாளைக்கே முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வாய்க்காலில் இறங்கி உதைத்தேன். பேசின் நிறையச் சிவப்புப் புழு, வேறு ஒரு ஜீவன் இல்லை. நல்ல பூச்சி இருந்தால் 'உயிர்நீர்', இல்லாவிட்டால் 'இறந்த நீர்' என்பது வட்டத்தின் கணக்கு. 'இறந்த நீர்' என்று எழுதிக்கொண்டு, சான்றிதழ் வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பையனைப் போல அழகிரி சார் அறைக்குள் போனேன்.

அவர் படித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

மேலிடத்துக் குழு ஒன்று சென்னையிலிருந்து வரப்போகிறதாம். நம் வட்டத்தில் ஏதாவது ஒரு வாய்க்காலுக்காவது உயிர்நீர்ச் சான்று கொடுத்தாக வேண்டுமாம். மாவட்டத்து வாய்க்காலை எல்லாம் அலசிப் பார்த்து என்னுடைய தெரு வாய்க்காலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஏனென்றால் அங்கேதான் பந்தல் போட இடம் இருக்கிறது, ஏழெட்டுக் காரும் நிறுத்தலாம். சார், அதில் பூச்சியே இல்லையே என்றேன்.

"இல்லைன்னு எழுதக் கூடாது ஜெயக்குமார். இல்லைன்னா அந்தப் பணியிடமே கிடையாதுன்னு அர்த்தமாயிடும். பணிக்கு வரலைன்னு எழுதுங்க. நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் வரதில்லை. அதுக்காக இது ஆபீஸ் இல்லைன்னு ஆயிடுமா?"

அவர் மேலும் விளக்கினார். ஓர் இடத்தில் ஆள் பற்றாக்குறை என்றால் இன்னோர் இடத்திலிருந்து அயற்பணியில் அனுப்புவதுதான் நிர்வாகம். கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலையில் ஒருநாள் பூச்சிக் குஞ்சுகள் கல்லுக்குக் கல் உபரியாக இருக்கின்றன. அவற்றை ஆணை போட்டு முறையாகப் புத்தூருக்குக் கொண்டுவர வேண்டியதுதான். சொல்லிக்கொண்டே விரலால் அந்தக் கோப்பைத் தட்டினார். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் "எத்தனை வாளி சார்?" என்று கேட்டேன்.

ஆணையைத் தயாரித்தவர் கண்காணிப்பாளர் மணிமேகலை மேடம். விதிப்புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். 'பொது நலன் கருதி, மேற்படி சிற்றுயிர்கள் உடனடியாகப் புத்தூர் கிளை வாய்க்காலில் பணியேற்குமாறு ஆணையிடப்படுகிறது' என்று அடித்து, முத்திரை போட்டு, நகலைப் பூச்சிகளுக்கும் குறிப்பிட்டிருந்தார். நகலை எப்படிச் சார்வு செய்வது, பூச்சி கையில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். ஓடைக்கரையில் ஒரு மரத்தில் ஒட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள், விதி இருக்கிறது என்றார். ஒட்டினேன். பக்கத்துப் பாறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

புளியஞ்சோலைத் தண்ணீரில் கல்லைப் புரட்டினால் அடியில் தட்டையாக, மூன்று வாலோடு குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் பட்டால் சட்டென்று ஓடின. பிடித்து வாளிகளில் விட்டோம். அவை ஓடுகிற தண்ணீரில் வாழ்கிறவை, வாளித் தண்ணீரோ ஓடாது. ஜீப் ஓட்டுநர் ரசூல் பாய் ஒரு யோசனை சொன்னார். அதன்படி துறையூர், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சி வரும்வரை நான் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து, வாளி வாளியாகக் குழம்புக் கரண்டியால் கிண்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் செத்துவிடும். வழியில் டீக்கடையில் நின்றபோதுகூட ரசூல் பாய் டீயை என் வாயில் ஊற்றினார், நான் கிண்டினேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க. என் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட நான் இப்படி ஓட்டல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பூச்சிகள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் என்னை நம்பி வந்த முதல் ஊழியர்கள் அவைதான். எங்கே கொண்டுபோய் விடப்போகிறேன் என்பது அவற்றுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

ஆய்வு அன்று காலையில்தான் விடச் சொன்னார் அழகிரி சார். சீக்கிரம் விட்டால் சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் முந்தின ராத்திரி விடியும்வரை நானும் ரசூல் பாயும் முறை வைத்துக் கிண்டினோம். வாய்க்காலுக்குள் கொசுவலையால் ஒரு தடுப்புக் கட்டி, டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து மேலாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். குழுத் தலைவர் டாக்டர் இருதயமேரி காரிலிருந்து இறங்கினார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. நிஜமாகவே பூச்சி தெரிந்த அம்மாள் போலிருக்கிறது.

தெருப் பெண்களோடு சுபாவும் ஓரமாக நின்றாள், இடுப்பில் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர். பெரிய அதிகாரி வருகிறார், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நம்பி வந்திருந்தாள். நான் அவளுக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆபீஸ் வேலையாகத் துறையூர்ப் பக்கம் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனவன் நான்.

நான் இறங்கி உதைத்தேன். வலையில் குஞ்சுகள் வந்தன. பேசினில் கொட்டியதும் இருதயமேரி அம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அழகிரி சாரைப் பார்த்தார்.

"இது மலை ஓடைப் பூச்சியாச்சே. இந்த வாய்க்கால்ல எப்படி?"

மாட்டிக்கொண்டோம் என்று எனக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. என் வேலை போகும்; ஆனால் தெரு பிழைத்துவிடும், நானும் எதையும் முடிவெடுக்காமலே நல்லவன் ஆகிவிடுவேன். அழகிரி சார் அசரவில்லை.

"அயற்பணி மேடம்."

"ஆணை இருக்கா?"

மணிமேகலை மேடம் கோப்பை நீட்டினார். அம்மாள் எண்ணைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், முத்திரையை அந்தப் பூதக்கண்ணாடியாலேயே பார்த்தார். சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இவ்வளவு ஒழுங்காக ஆணை வைத்திருக்கிற வட்டத்தைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று மைக்கிலும் சொன்னார்.

சுபா குடத்தோடு முன்னால் வந்தாள். தண்ணீரைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள் என்று கேட்டாள். நாற்றத்தில் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. அழகிரி சார் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இந்த வட்டம் பூச்சிகளுக்காக ஏற்பட்டது. மனுஷங்களுக்கு வேற ஆபீஸ் இருக்கு. அங்க போனா எங்க சான்றைத்தான் கேப்பாங்க. அது இப்ப ரொம்ப நல்லா வந்திருக்கு. நீங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம்."

பந்தலில் கை தட்டினார்கள். சுபா அவரைப் பார்க்கவில்லை. முழங்கால்வரை ஈரமாக, பேசினைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே பொறியாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வாய்க்கால் உயிர்நீர்ச் சான்று பெற்றிருப்பதால் குழாயைத் திருப்ப அவசியம் எழவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது. இணைப்பாக வைத்திருந்த அறிக்கையில் களப் பார்வையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து, நல்ல தெளிவாக. தெருவே படித்தது. தினமும் "என்னங்க, ஆபீஸா?" என்று கேட்கிற சவரிராயன் என்னைக் கண்டதும் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சுபா திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டைத் தட்டில் வைத்தாள், போய்விட்டாள்.

பூச்சிகள் என்ன ஆயின என்று பார்க்க மறுநாள் காலையிலேயே வாய்க்காலுக்குப் போனேன். டேங்கர் போய்விட்டிருந்தது. கொசுவலைக்குள் எல்லாம் வெளுத்து மிதந்தன. அடியில் சிவப்புப் புழுக்கள் வழக்கம்போல நெளிந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. ஒரு பூச்சிக்காக அழுகிற நாற்பத்து மூன்று வயது ஆளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைக் கழுவலாமென்றால், அந்தத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது?

வீட்டுக்கு வந்து சுபாவிடம் சொன்னேன். அவளிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைதான், ஆனால் சொல்வதற்கு வேறு யாரும் இல்லை.

"எல்லாம் செத்துப் போச்சு சுபா."

"ஒரு ராத்திரிகூடத் தாங்கலையா? நாங்க ஒரு வருஷமாத் தாங்கிட்டிருக்கோம்." அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஆர்டர் போட்டுத்தானே அதுங்களை வேலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க? ஆர்டர்ல வந்தவங்க வேலை பாக்கற இடத்துல செத்தா உங்க ஆபீஸ் சும்மா விட்டுடுமா? எங்களுக்காகக் கேக்க உங்களால முடியாது. அதுங்களுக்காகவாவது கேளுங்க."

அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன். அயற்பணியில் வந்த ஊழியர்கள் பணியிடத்தில், பணியின்போது இறந்துவிட்டார்கள். காரணம் அடுக்குமாடிக் குழாய். பணியிடம் பாதுகாப்பாக இல்லாத நிலையில் இனி யாரையும் அங்கே பணிக்கு அனுப்புவது விதிக்கு முரண். மணிமேகலை மேடம் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க யோசிச்சுத்தான் எழுதினீங்களா ஜெயக்குமார்? பணியின்போது இறந்தாங்கன்னு பதிவானா, வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை கொடுத்தாகணும். நம்மகிட்ட காலி இடம் ஒண்ணுதான் இருக்கு. அது உங்களுக்குன்னு வெச்சிருக்கறது."

அவர் நல்ல மனுஷி. குறிப்பைக் கிழித்துப் போடவும் தயாராகத்தான் இருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழேயிருந்து பப்ஸ் வாசனை வந்தது. அந்தக் கோப்பை, அதன்மேல் தட்டுகிற விரலை, நிரந்தரம் ஆனதும் மாமனாரிடம் சொல்லலாம் என்று வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் நினைத்துக்கொண்டேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன். இதை வீரம் என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம். இன்னொரு நாள் அந்தத் தட்டுச் சாப்பாட்டைப் பேச்சில்லாமல் சாப்பிட முடியாது என்பதுதான் என் கொள்கை.

குறிப்பைப் படித்ததும் அழகிரி சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தெருவில் யார் செத்தாலும் அவருடைய வரம்புக்குள் வராது; ஆனால் அவர் ஆணையில் வந்த ஊழியர் பணியில் செத்தால் விசாரணை வரும், அவருடைய ஓய்வூதியம் நிற்கும். அன்று மத்தியானமே 'மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு குத்திப் பொறியாளர் அலுவலகத்துக்குக் கடிதம் போனது. ஊழியர் உயிர் சம்பந்தப்பட்டது என்றதும் அவர்களும் பதறிவிட்டார்கள். அந்த வாரமே ஜேசிபி வந்தது. அடுக்குமாடிக் குழாயைப் பிடுங்கிப் பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிட்டுப் போனார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சவரிராயன், யார் சொல்லி வந்தீர்கள் என்று மேஸ்திரியிடம் விசாரித்தார். யாரோ புளியஞ்சோலைக்காரங்க செத்துட்டாங்களாம், அதான் என்றார் மேஸ்திரி. சவரிராயன் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டார்.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. ஒருநாள் பூச்சிக் குஞ்சின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, ரோஜா மாலை சாத்தியிருந்தார்கள். படத்தில் அது மீசை வைத்த யாரோ ஒரு பெரியவர் மாதிரி கம்பீரமாகத்தான் இருந்தது. அழகிரி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"அவங்க நம்மகிட்ட பயணப்படி கேட்டதில்லை. விடுப்பு கேட்டதில்லை. மனு கொடுத்ததில்லை. வளர்ந்ததுக்கப்புறம் அவங்களுக்கு வாயே கிடையாதுங்கிறது எனக்கு நேத்துதான் தெரியும். என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஊழியரை நான் பார்த்ததே இல்லை. இருக்கறவங்களும் இதைப் பார்த்துக் கத்துக்கணும்."

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம்.

வாரிசு நியமனமும் ஆகிவிட்டது. இறந்தவர்களின் ரத்த உறவு என்று புளியஞ்சோலையிலிருந்து ஒரு வாளிக் குஞ்சுகளை மறுபடியும் நானும் ரசூல் பாயும் கொண்டுவந்தோம்; மறுபடியும் கிண்டினேன். சாக்கடை நின்று, மழையும் பெய்து வாய்க்கால் தெளிந்திருந்தது. இந்தத் தடவை அவை பிழைத்துக்கொண்டன. அவற்றில் மூத்தது எது என்று தீர்மானிக்க முடியாததால் நிரந்தரப் பணியிடத்தை எல்லோருக்கும் பொதுவாக வழங்கி ஆணை வந்தது. வளர்ந்து இறக்கை முளைத்தால் ஒரே நாளில் ஆயுசு முடிந்துவிடுகிற ஜாதி என்பதால் பதவி தானாகவே அடுத்ததற்குப் போய்விடும் என்று மணிமேகலை மேடம் ஒரு பின்குறிப்பும் சேர்த்திருந்தார். நான் இப்போதும் தற்காலிகம்தான். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற விண்ணப்பம் இனிமேல் நிரந்தர ஊழியர் மூலமாகத்தான் போக வேண்டும். மேலதிகாரி அடிக்கடி மாறிக்கொண்டிருப்பதால் அது நிலுவையிலேயே இருக்கிறது.

கிணற்றை இறைத்துத் தூர் வாரினோம். புது ஊற்று வந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் சுபா தண்ணீர் சேந்தினாள். வாளியை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள், இன்னொரு கை அள்ளி வாயில் விட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கும் ஒரு கை கொடுத்தாள். நிரந்தரம் போனதைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. மணிமேகலை மேடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார் என்பது அவள் அடுத்துப் பேசியதில்தான் எனக்குத் தெரிந்தது.

"தண்ணி நல்லா இருக்குங்க. போய் உங்க ஆபீசர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"அழகிரி சார்கிட்டயா?"

"அவர்கிட்ட எதுக்கு? வாய்க்கால்ல இருக்கறவங்ககிட்ட."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து, கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொல்லிவிட்டு வந்தேன்.